மாடு கொடுத்த லீவு

போன வாரம் சென்னையில் இருக்கிற கல்லூரி நண்பன் போன் பண்ணியிருந்தான். பேச்சுவாக்கில், "கன்னியாகுமரி போனீங்களாமே, எப்போடா பிளான் பண்ணினே?" என்று கேட்டான். "போன வருஷம் ஆடி மாசம்" என்றேன். "மே மாச டூருக்கு ஆடி மாசமேவா? ஒம்பது மாசத்துக்கு முன்னாடி எவன்டா ரூம் போடுவான்?" என்று சிரித்தான்.

ரூம் போடலீங்க. மாட்டுக்கு ஊசி போடாமல் விட்டோம். எங்கள் வீட்டு டூருக்கான முதல் வேலை அதுதான். இது பட்டணத்தில் இருக்கிறவங்களுக்குப் புரியணும்னா கொஞ்சம் பின்னாடியிருந்து சொல்லணும்.

எங்களுக்குக் கோபி பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். மஞ்சள், கொஞ்சம் வாழை, வரப்போரம் தென்னை, கட்டுத்தறியில் ரெண்டு மாடு, நாலு வெள்ளாடு. வீட்டில் நான், என் மனைவி, அம்மா, பதினோரு வயசில் மகள், ஏழு வயசில் மகன். பண்ணையம் பார்க்கிற வீட்டில் குடும்பத்தோடு வெளியூர் போவது என்றால் கல்யாணம், காது குத்து, எழவு, இந்த மூணும்தான். அதுவும் விடியால பால் பீச்சி சொசைட்டிக்கு ஊத்திவிட்டுக் கிளம்பி, பொழுதோட பாலுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, தீபாவளியும் கிடையாது.

2024 மே மாதம் கன்னியாகுமரி போவதாக முதல் தடவை முடிவு பண்ணினோம். அப்போது 120 நாளுக்கு முன்னாடியே ரயில் டிக்கெட் போடலாம். ஜனவரியிலேயே போட்டுவிட்டேன். பெரிய சாதனை பண்ணின மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். மாடு சினையாக இருக்கிறது, மே மாதம்தான் அதுக்கு நாள் என்பது என் மண்டைக்கு ஏறவே இல்லை. "வைகாசி நெருக்கத்துலதான் போடும், அதுக்குள்ள வந்தரலாம்" என்று நானே ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

கிளம்புகிற அன்றைக்கு விடியால சிவப்பி கன்னு போட்டுவிட்டது. அதோடு போயிருந்தால் எப்படியோ சமாளித்திருப்போம். மத்தியானம் வரைக்கும் நஞ்சுக்கொடி விழவில்லை. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ரெண்டு நாளைக்குக் கிட்டவே இருந்து பார்த்துக்கச் சொன்னார். வண்டிக்கு ஆறு மணி நேரம் இருக்கும்போது டிக்கெட்டை ரத்து பண்ணினேன். பாதிப் பணம் போச்சு. அது போகட்டும்.

அப்போது மகள் அழவில்லை. "ஏம்ப்பா?" என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பையைத் திறந்து, மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழையபடி பீரோவில் வைத்தாள். தம்பி துணியையும் அவளே எடுத்து வைத்தாள். ரெண்டு நாள் கழித்துச் சின்னவன், "அடுத்த லீவுல போலாமாப்பா?" என்று கேட்டதற்கு நான் பதில் சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அதெல்லாம் போக மாட்டம்டா. அப்பா சும்மா சொல்லும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இன்றைக்கு மழை வராது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். எங்க அப்பாவும் இப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் "மஞ்சள் வித்ததும் ஊட்டி போலாம் சாமி" என்பார். மஞ்சள் விற்கும், ஊட்டி வராது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் எனக்கு ஊட்டி என்றால் அந்த ஞாபகம்தான். அப்பா பேச்சு அப்படித்தான் என்று எந்த வயசில் நான் தெரிந்துகொண்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஏறக்குறைய அவள் வயசில்தான்.

அந்த ஆடி மாதம், ஆகஸ்ட் 5-ஆம் தேதி வாக்கில், சிவப்பி மறுபடி பருவத்துக்கு வந்து கத்தியது. டாக்டருக்குப் போன் பண்ணப் போனவன், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து நின்றுவிட்டேன். பசு மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். ஆகஸ்ட் 5-இல் ஊசி போட்டால் அடுத்த மே 12. திரும்பவும் அதே மே மாதம்!

மாடு 21 நாளைக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். ரெண்டு பருவம் விட்டுவிட்டு செப்டம்பர் நடுவில் ஊசி போட்டால் ஜூன் கடைசியில்தான் கன்னு. இதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. கன்னு போடுவதற்கு ரெண்டு மாதம் முன்பே பாலை வத்த விட்டுவிடுவோம். அப்படியானால் மே மாதம் சிவப்பி வத்தக் கறவையாக நிற்கும். தீவனம் போட்டுத் தண்ணி காட்டினால் போதும். பால் பீச்ச வேண்டியது இன்னொரு மாட்டை மட்டும்தான்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மாடு கத்தக் கத்த எவனாவது ஊசி போடாம உடுவானா? 42 நாள் பாலு போகுதேடா" என்றார். கணக்கு சரிதான். ஈத்து 42 நாள் தள்ளினால் அத்தனை நாள் பால் நஷ்டம். மனைவிதான் முடித்து வைத்தாள். "போனாப் போகுதுங்க அத்தை. போன தடவை அந்தப் புள்ள பையப் பிரிச்சதை நான் பாத்தனுங்க. எனக்குத் தாங்கல."

இப்படித்தான் எங்கள் டூர் ஆடி மாதம் கிளம்பியது.

அடுத்து நாள் குறிக்கணும். உங்களுக்குப் பள்ளிக்கூட லீவும் ஆபீஸ் லீவும் ஒத்து வந்தால் போதும். எங்களுக்கு ஒத்து வர வேண்டியவை வேறு. மஞ்சள் வெட்டி, வேக வைத்து, காய வைத்து முடிய வேண்டும். ஏப்ரல் கடைசியில் வாய்க்கால் அடைத்த பிறகு கிணற்றுத் தண்ணி மட்டும்தான். வாழைக்கும் தென்னைக்கும் விடுகிற முறையைச் சரிபண்ண வேண்டும். ஊரில் மாரியம்மன் நோம்பி இருக்கிறது. கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால், நோம்பி முடிகிறவரை யாரும் வெளியூரில் ராத் தங்கக் கூடாது. அப்புறம் பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்று. எல்லாவற்றையும் காலண்டரில் சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தோம். மிச்சம் இருந்தது நடு மே மாதத்தில் ஒரு வாரம்.

2025 மே 12 சித்ரா பௌர்ணமி. அன்றைக்குக் கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க, இன்னொரு பக்கம் நிலா ஏறும். அதைப் பார்க்கவே கூட்டம் கூடும், ரூம் வாடகையும் ஏறும். அதனால் பௌர்ணமி தாண்டி, 14-ஆம் தேதி புதன் ராத்திரி ஈரோட்டில் ரயில் ஏறுவது, 17 சனி ராத்திரி நாகர்கோவிலில் திரும்ப ஏறுவது என்று முடிவானது. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, நம் நாட்களில் திங்கள் வரவில்லை. அதையும் மகள்தான் பார்த்துச் சொன்னாள். பேச்சில் சேர மாட்டேன் என்றவள், மெதுவாகக் காலண்டர் பக்கம் வர ஆரம்பித்திருந்தாள்.

2024 நவம்பர் 1-லிருந்து ரயிலில் முன்பதிவு 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். நிறையப் பேர் குறைப்பட்டார்கள். எனக்கு நல்லதாகப் பட்டது. 120 நாள் கழித்துக் காடு எப்படி இருக்கும் என்று எந்த விவசாயிக்குத் தெரியும்? 60 நாள் என்றால் ஓரளவு சொல்லலாம். மே 14-க்கு மார்ச் 15 காலை எட்டு மணிக்குத் திறக்கும். பெயர், வயசு எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதச் சொல்லி முந்தின ராத்திரியே மகளிடம் கொடுத்தேன். நாலு பேர். சின்னவனுக்குத் தனிப் படுக்கை இல்லாமல் அரை டிக்கெட் எடுக்கலாம். ஆனால் ராத்திரி தூங்காத பையனை அடுத்த நாள் வெயிலில் இழுத்துக்கொண்டு அலைய முடியாது என்று முழு டிக்கெட்டாகவே போட நினைத்தோம்.

மகள் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஆத்தா பேரு காணோம்?"

எங்கள் பக்கம் அப்பாவின் அம்மாவை ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். "ஆத்தா வரலைடா அம்முணி. மாட்டைப் பாக்கோணுமல்ல?" என்றேன். அம்மாவும், "எனக்கென்னத்துக்குக் கண்ணு கடலு? நீங்க போயிட்டு வாங்க, நான் ஊட்டப் பாத்துக்கறேன்" என்றார்.

"ஆத்தா, நீ கடல் பாத்திருக்கியா?"

"பவானிசாகர் டேம் தளும்பத் தளும்பப் பாத்திருக்கேன். அதையுடவா பெருசு?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயசு அம்மா கடல் பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் எட்டு மாதமாக எல்லாம் கணக்குப் போட்டவன், மாடு எந்த மாதம் கன்னு போடும் என்றுகூட யோசித்தவன், அம்மாவைக் கட்டுத்தறியோடு சேர்த்தே கணக்கில் எழுதியிருக்கிறேன். அந்தக் காகிதத்தில் அஞ்சாவது பெயரை நானே எழுதினேன். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாலை ஊத்திவிட்டு வந்து உட்கார்ந்து, அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு, அஞ்சு டிக்கெட் போட்டோம்.

இப்போது வீட்டில் ஒருத்தரும் இல்லை. மாட்டை யார் பார்ப்பது?

தெக்காலத் தோட்டத்து அக்காவிடமும் மாமாவிடமும் போய்க் கேட்டேன். இதில் கூச்சம் இருக்கிறது. பணம் கொடுத்து ஆள் வைப்பது சுலபம், கை உதவி கேட்பது சிரமம். அக்கா ஒரே வார்த்தையில், "இதுக்கு ஏன்டா தம்பி வாசல்லயே நிக்கற, உள்ள வா" என்றுவிட்டார். புரட்டாசியில் அவர்கள் திருப்பதி போகும்போது அவர்கள் பட்டியையும் தண்ணி முறையையும் நான் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. எங்கள் காட்டில் இதற்குக் கைமாத்து என்று பெயர்.

ஆனால் மாடு புது ஆளிடம் பாலை இறக்காது. உதைக்கும், அடக்கிக்கொள்ளும். அதனால் பத்து நாள் முன்பிருந்தே அக்கா தினமும் பொழுதோட வந்து பீச்சிப் பழகினார். என் மனைவி கட்டுத்தறி வேலைக்குச் சேலைக்கு மேலே என் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். துவைக்காமல் அதே சட்டையை அக்காவுக்குக் கொடுத்தாள். முதல் நாள் மாடு முகர்ந்து பார்த்துத் திரும்பித் திரும்பி முழித்தது. அஞ்சாவது நாள் அசை போட்டுக்கொண்டு நின்றது.

மகள் ஒரு பெரிய அட்டையில் எல்லாவற்றையும் எழுதிக் கட்டுத்தறித் தூணில் கட்டினாள். எந்த மாட்டுக்கு எத்தனை படி தீவனம், சோளத்தட்டு எந்தப் போரில் எடுக்கணும், மும்முனைக் கரண்ட் வரும் நேரம், மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டு எப்போது நிறுத்தணும், டாக்டர் நம்பர், நாய்க்குச் சோறு எப்போது. கடைசியில், "சிவப்பிக்குக் கழுத்துக்குக் கீழ சொறிஞ்சு உட்டா சும்மா நிக்கும்" என்றும் எழுதியிருந்தாள். அதெல்லாம் அவள் கவனித்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது.

எங்கே எங்கே போவது என்பதற்கு ஒரே விதிதான் வைத்தோம். ஆளுக்கு ஒன்று. சின்னவனுக்குப் படகு. மகளுக்குக் கண்ணாடிப் பாலம். அம்மாவுக்கு பகவதி அம்மன். மனைவிக்குத் திற்பரப்பு அருவி, கூடவே மூணு நாள் அடுப்பு பக்கம் போகாமல் இருப்பது. எனக்கு மாத்தூர் தொட்டிப்பாலம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, மத்தியானம் வெயிலில் ரூமில் படுக்கை. முப்பது இடம் எழுதிக்கொண்டு போய் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்த்தால் குழந்தைகளுக்கு ஞாபகம் இருப்பது ஓட்டம் மட்டும்தான். ரூம் போடும்போது, "சூரிய உதயம் தெரியற ரூம்னா வாடகை அதிகம்" என்றார்கள். வேண்டாம் என்றேன். தினமும் விடியால நாலு மணிக்கு எழுந்திருக்கிற எங்களுக்குச் சூரியனை ஜன்னல் வழியாகப் பார்க்க எதற்குக் காசு?

எல்லாம் தயார். ஆனால் மகள் மட்டும் பையில் துணி எடுத்து வைக்கவில்லை. அம்மா சொன்னார், மனைவி சொன்னாள். "கெளம்பறப்போ வெச்சுக்கறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

13-ஆம் தேதி பொழுதோட காத்து அடித்தது. மழை கொஞ்சம்தான், காத்து பேய்க் காத்து. வாழைத் தோட்டத்தில் மளமளவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விடிந்து போய்ப் பார்த்தேன். தார் விட்ட கதளி மரம் அம்பதுக்கு மேல் சாய்ந்து கிடந்தது. இன்னும் ஒன்றரை மாதம் நின்றிருந்தால் வெட்டியிருக்கலாம். மத்ததுக்கெல்லாம் முட்டுக் கொடுக்கணும், விழுந்ததை அப்புறப்படுத்தணும், தேறின தாரை மார்க்கெட்டுக்கு அனுப்பணும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஜோபியிலிருந்து போனை எடுத்து, ரத்து பண்ணுகிற இடம் வரைக்கும் போய்விட்டேன்.

மாமா வரப்பில் வந்து நின்று ஒரு சுத்துப் பார்த்தார். "மாப்ள, விழுந்தது விழுந்ததுதான். நீ ஊட்டுல குந்தியிருந்தா எந்திரிச்சு நிக்கப் போவுதா? முட்டுக் கொடுக்கறதுக்கு நான் இருக்கறேன், எம்பையன் இருக்கறான். போயிட்டு வா" என்றார்.

இல்லாவிட்டால் காடே போய்விடும் என்ற நினைப்பில்தான் எங்க அப்பா ஆயுசு முழுக்க இருந்தார். நானும் அதே நினைப்பில்தான் இருந்திருக்கிறேன். அது பொறுப்பு மாதிரித்தான் தெரியும். அதில் பாதி பயம், கொஞ்சம் கர்வம். மாமாவின் கை என் கையை விட ஒன்றும் குறைச்சல் இல்லை.

வீட்டுக்கு வந்தேன். மகள் திண்ணையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழை விழுந்தது அவளுக்கும் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க மாட்டாள்.

"அம்முணி, துணியெல்லாம் பையில எடுத்து வெய்யி. சாயங்காலம் ஆறு மணிக்கு கார் வருது" என்றேன்.

"நெசமாவாப்பா?"

"நெசமாத்தான்."

எழுந்து உள்ளே ஓடினாள். அந்த ஓட்டத்துக்கு அம்பது வாழை போகட்டும் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானே அந்த நேரத்தில் முழுசாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. ராத்திரி ரயிலில் புளிசாதத்தைப் பிரித்துச் சாப்பிடும்போதுதான் மனசு கொஞ்சம் ஆறியது.

கன்னியாகுமரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகில் விவேகானந்தர் பாறைக்குப் போனோம். அங்கிருந்து 133 அடி திருவள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம், 2024 டிசம்பர் கடைசியில் திறந்தது. கீழே அலை அடிப்பது தெரிகிற மாதிரி மகள் நடுவில் நின்றுகொண்டாள். சின்னவன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி கடந்தான். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் எனக்குக் கால் நகரவில்லை. காமராஜர் காலத்தில் எடுத்த திட்டம், 1966-இல் முடிந்தது. கீழே பறளியாறு, 115 அடி உயரத்தில் வாய்க்கால் தண்ணி ஆகாயத்தில் போகிறது. நாங்கள் போனபோது தொட்டி காய்ந்து கிடந்தது. "தண்ணிக்குப் பாலமாப்பா?" என்று சின்னவன் நாலு தடவை கேட்டான்.

அம்மா முதல் நாள் சாயங்காலம் கரையில் நின்று ரொம்ப நேரம் பேசவே இல்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக் கணுக்கால் நனைய நின்றார். குனிந்து ஒரு கை தண்ணி எடுத்து நாக்கில் வைத்தார். "இத்தன தண்ணி கெடந்து என்ன கண்ணு, ஒரு பாத்திக்குப் பாச்ச முடியாதே" என்றார். சொல்லிவிட்டும் கரைக்கு வரவில்லை. இருட்டுகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

முதல் நாள் அக்கா போன் பண்ணி, "பாலு ஒன்றரை லிட்டர் கொறஞ்சிருச்சு தம்பி" என்றார். மூணாவது நாள், "பழையபடி ஆயிருச்சு" என்றார். சந்தோஷம்தான். ஆனாலும் என் மனைவி, "அதுக்குள்ள மறந்துருச்சா அது நம்மள?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியால வீட்டுக்கு வந்தபோது வாழைக்கெல்லாம் முட்டுக் கொடுத்திருந்தது. தேறின தார் விற்ற காசு, சொசைட்டிப் பால் அட்டை எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. அட்டையில் மகள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அக்கா பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார், சிவப்பியின் கழுத்தைச் சொறிந்து விடுகிற வரிக்கும் சேர்த்து.

ஜூன் 25-ஆம் தேதி சிவப்பி கன்னு போட்டது. கிடேரிக் கன்னு. இந்தத் தடவை நஞ்சுக்கொடி தானாகவே விழுந்துவிட்டது. பிள்ளைகள் அதுக்குக் குமரி என்று பேர் வைத்திருக்கிறார்கள். நேற்றுப் பொழுதோட கன்னுக்குட்டியைத் தடவிக்கொண்டே மகள் விரல் விட்டு என்னவோ எண்ணிக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இந்தத் தடவையும் செப்டம்பர்லயே ஊசி போட்டரலாம். அப்பத்தான் அடுத்த மே மாசம் சிவப்பி வத்தக் கறவையா இருக்கும்."

ஊட்டி என்று காலண்டரில் அவளே எழுதியும் வைத்துவிட்டாள்.